விலக்குக்கு முன்னால் எழுத்து: ஓர் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பேசி முடிவெடுத்தவற்றை இங்கே எழுதி வைக்கிறோம். மாடியில் நல்ல பெரிய கூடம் இருந்தது. சக்கர நாற்காலி ஏற வழி இல்லை. அதனால் கீழே, கழுவிவிட்ட பந்தி மேசைகளுக்கு நடுவில், சாம்பார் வாசனையோடு கூடினோம்.

வந்தவர்களில் பாதிக்கு மேல் அம்மாக்கள். மூன்று அப்பாக்கள், ஒரு தாத்தா. என்னைப் போன்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர். வட்டார வள மையங்களிலிருந்து சிறப்பாசிரியர்கள். பார்வையில்லாத வங்கி ஊழியர் ஒருவர். காது கேளாத தையல்காரர் ஒருவர். அவர் சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதை அவருக்கும் கொண்டு சேர்த்த அவர் தங்கை. அறிக்கையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 22 வருடமாக முதல் மூன்று வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இதில் ‘நாங்கள்’ என்று வருவது கூட்டம் ஒப்புக்கொண்டது. ‘நான்’ என்று வருவதற்கு என்னைத்தான் கேட்க வேண்டும்.

இயக்கத்துக்குப் பெயர் முடிவாகவில்லை. ஒளி, சிறகு, விடியல் என்று வரிசையாக வந்தன. கடைசி மேசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார்: “எம் புள்ள ஒண்ணும் இருட்டுல இல்லீங்க. அவனுக்கு எழுத்துதான் வரல.” அதற்குப் பிறகு யாரும் பெயர் சொல்லவில்லை. பெயர் இல்லாமலே தொடங்குகிறோம்.

எங்கள் முதல் கொள்கை இது: எந்தக் குழந்தைக்கும் எழுத்திலிருந்து விலக்கு கொடுப்பதற்கு முன்னால், அந்தக் குழந்தைக்கு ஏற்ற வழியில் எழுத்தைக் கற்றுக்கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆரம்பிக்கிறோம் என்றால், இப்போது நடப்பது தலைகீழாக இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் வீட்டில் பதற்றம் தொடங்குகிறது. மருத்துவக் குழு, சான்றிதழ், விண்ணப்பம், கையெழுத்து, முத்திரை. அலைந்து முடித்தால் சில சலுகைகள் உண்டு: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு. மகனுக்கு விலக்கு கிடைத்த அன்று தெருவுக்கே அல்வா கொடுத்ததாக ஓர் அப்பா சொன்னார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார். பத்து வருடத்தில் ஒருவராவது அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எந்த எழுத்தில் தடுக்கி விழுகிறான் என்று பார்த்தாரா? பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி உறுதி. வருகைப் பதிவேட்டில் அவன் இருந்தான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. எழுதத் தெரியாதவனுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால், அவன் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பான்.

சலுகைகளை நாங்கள் பழிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் போவதில்லை. பேனா பிடிக்க முடியாத கைக்கு இன்னொரு கை வேண்டும், அது நியாயம். கற்பித்தல் நடக்கவில்லை என்பதை மூடி மறைக்கச் சலுகை ஒரு போர்வையாகப் பயன்படுவதைத்தான் எதிர்க்கிறோம்.

சட்டத்தில் குறை இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் எண்ணியது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது; வாசிக்க எழுதத் தடுமாறும் கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது. அதைச் சிறு வயதிலேயே கண்டறிந்து, கற்பிக்கும் முறையை மாற்று என்று 16-ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களுக்குக் கட்டளை இடுகிறது. சைகை மொழியும் பிரெய்லும் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்கு என்கிறது 17-ஆம் பிரிவு. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 1.46 கோடி. அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் கற்றல் குறைபாட்டுக்குத் தனிக் கட்டமே கிடையாது. கடைசி மேசை அம்மாவின் பையனைப் போன்ற பிள்ளைகள் அந்தக் கணக்கில் தனியாகத் தெரிவதில்லை.

இனி எழுத்தைப் பற்றி. கூட்டத்தில் அதிக நேரம் இதற்குத்தான் போனது. அறிக்கையிலும் இதற்கே அதிக இடம்.

சில வருடங்களுக்கு முன் என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கில் புலி. ஓணானைக் கயிறு இல்லாமல் பிடிப்பான். ‘தேன்’ என்று எழுதச் சொன்னால் ‘தெண்’ என்று எழுதுவான். நான் என்ன செய்தேன்? 50 தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் 50 தடவையும் ‘தெண்’ என்று எழுதிக்கொண்டு வந்தான். கையெழுத்து அழகாக இருந்தது. 50 தடவை எழுதவைத்ததில் தப்பைத்தான் அவன் கையில் நன்றாகப் பதிய வைத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் புத்தகத்தில் இருந்த ‘தேன்’ மேல் விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன். விரல் முதலில் இரட்டைக் கொம்பில் நின்றது. அங்கேயே நின்றது. “ஏ…” என்றான். பிறகு “த” என்றான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“டீச்சர், முன்னாடி நிக்கிறத ஏன் பின்னாடி படிக்கணும்?”

என்னிடம் பதில் இல்லை. 22 வருடத்தில் எனக்கு வந்த மிக நல்ல கேள்வி அது.

தமிழ் எழுத்து எளிது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, கூட்டினால் 31. பிறகு உயிர்மெய் 216 சேர்ந்து 247. சூத்திரம் தெரிந்துவிட்டால் எளிதுதான். ஆனால் சூத்திரத்தில் ஓட்டைகள் உண்டு. காதில் ‘தே’ என்பது முதலில் த், பிறகு ஏ. கண்ணில் முதலில் கொம்பு, பிறகு த. ‘தோ’ என்றால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நின்று எழுத்தைக் கிடுக்கிப் பிடி பிடிக்கின்றன. உகர வரிசை அதைவிட மோசம்: ‘கு’ ஒரு விதம், ‘சு, பு, வு’ ஒரு விதம், ‘டு, மு, ரு’ ஒரு விதம், ‘து, நு, லு’ வேறு விதம். மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் இடையில் ஒரு சுழிதான் வித்தியாசம். போதாததற்கு, வீட்டில் அவன் சொல்வது ‘தேனு’. புத்தகத்தில் இருப்பது ‘தேன்’. பெரும்பாலான குழந்தைகள் இதையெல்லாம் தாமாகவே தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் தாண்ட வேண்டியது எவ்வளவு உயரம் என்று ஆசிரியர்களுக்கு மறந்துபோகிறது. சில குழந்தைகளுக்கு ஒவ்வொன்றையும் பிரித்து, அடுக்கி, காரணம் சொல்லித் தர வேண்டும். அவர்கள் கேட்பது அவ்வளவுதான்.

இந்தக் கதையைக் கூட்டத்தில் சொன்னபோது வங்கி ஊழியர் சிரித்தார். “எங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லீங்க” என்றார். 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில் ‘தே’ என்றால் முதலில் த, அடுத்து ஏ. காதில் விழும் வரிசையிலேயே விரலிலும் படும். தனித்து நிற்கும் ஏ-வுக்கும் மெய்யோடு சேரும் ஏ-வுக்கும் ஒரே புள்ளிக் கோலம். ஆக, 216 உயிர்மெய்யைத் தனியாகக் கற்க வேண்டியதே இல்லை; முப்பத்துச் சொச்சம் கோலங்களில் தமிழ் முடிந்துவிடும். “ரொம்பப் பெருமைப்பட வேண்டாம்” என்று அவரே சேர்த்துக்கொண்டார்: “எங்களுக்கு மெய்யெழுத்தோட புள்ளி எழுத்துக்கு முன்னாடி வரும்.” தட்டச்சுப் பள்ளி நடத்திய தாத்தாவும் சேர்ந்துகொண்டார். பழைய தட்டச்சுப் பொறியில் கொம்பை அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். இன்றைய தமிழ்99 விசைப்பலகையில் த-வை அடித்துவிட்டு ஏ-வை அடித்தால் கொம்பு தானாக முன்னால் போய் உட்காரும்.

அந்தப் பையன் கேள்வி கேட்ட அடுத்த வாரமே, காதில் விழும் அந்த வரிசையை நானும் என் வகுப்பில் காட்டியிருந்தேன். தரையில் சாக்பீஸால் ‘த’ எழுதி, பக்கத்தில் ‘ஏ’ எழுதி, “இது ரெண்டும் பஸ்ல ஒரே சீட்டுல உக்காரப் போகுது, ஏ-வுக்கு ஜன்னலோரம் வேணுமாம்” என்றேன். அன்றைக்குப் பிறகு அந்தப் பையன் கொம்பைப் பார்த்தால் அதைத் தாண்டிப் போய் எழுத்தைப் பிடித்துவிட்டுத் திரும்பி வருவான். முழுவதும் சரியாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ண-வும் ன-வும் இன்றுவரை அவனுக்கு மாறும். ஆனால் வாசிக்கிறான்.

அப்படியானால் எழுத்தையே மாற்றிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். மதியச் சாப்பாடு தள்ளிப்போனது அந்தக் கேள்வியால்தான். நம் எழுத்து மாறாத எழுத்து அல்ல. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியையே விட்டுவிட்டு எழுதியவர்கள் நாம். எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டை எழுத்தில் காட்ட 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வழி செய்தார். பெரியார் 1935 முதல் தம் ஏடுகளில் பயன்படுத்திய சீர்திருத்த வடிவங்களில் பலவற்றை 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. உகர, ஊகார வரிசைகளையும் ஒழுங்குபடுத்தலாம் என்று வா.செ. குழந்தைசாமி முன்மொழிந்தார், அது நடைமுறைக்கு வரவில்லை. எங்களுக்குள் இதில் இரண்டு கட்சி. சண்டை முடியவில்லை, முடியவும் வேண்டாம். எழுத்து மாறும்வரை இன்றைய மூன்றாம் வகுப்பு காத்திருக்காது என்பதால், இருக்கிற எழுத்தைக் கற்பிக்கிற முறையை மாற்றுவதே இந்த இயக்கத்தின் வேலை என்று தீர்மானித்தோம்.

முறை என்றதும் வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லிப் பழகுவது திண்ணைப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் புகுத்தினார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையோடு சேர்த்து அதை 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார்; ‘சென்னை முறை’ என்றே அங்கே அது பெயர் பெற்றது. 1930-களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குக் கண், காது, கை மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் முறையை வகுத்தபோது, அடிப்படையில் அதே திசையில்தான் போனார்கள். நம்மிடம் மணல் போய் சிலேட்டு வந்தது, சிலேட்டு போய் நோட்டு வந்தது. விரல் எழுத்தைத் தொடுவதே நின்றுபோனது. மணலை நாங்கள் திரும்பக் கொண்டுவருகிறோம். (ஆற்று மணல் விற்கிற விலைக்கு ரவை மலிவு என்றார் ஒரு சிறப்பாசிரியர். ரவையும் சரி.)

ஆனால் ஒரே முறை எல்லாருக்கும் ஆகாது என்பதையும் அன்றே கற்றுக்கொண்டோம்.

பெரும்பாலும் கோடுகளாலான எழுத்துகளிலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி. ப, ட, ம: மூன்றே எழுத்து, கூடவே மெய்க்கு ஒரு புள்ளி. படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே குழந்தை சொற்களை வாசித்துவிடும். இதை நான் பெருமையாகச் சொல்லி முடித்ததும் தையல்காரர் எழுந்து நின்றார். தன் உதட்டைக் காட்டினார். சத்தம் இல்லாமல் ஏதோ ஒரு சொல்லைச் சொன்னார். பிறகு இன்னொன்று. “ரெண்டும் என்னன்னு கேக்குறாரு” என்றார் தங்கை. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் சொன்னது ‘படம்’, அடுத்தது ‘மடம்’. உதட்டைப் பார்த்து வாசிக்கும் குழந்தைக்கு ப-வும் ம-வும் ஒன்றுதான். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு நான் போட்டுவைத்த நல்ல பாதை, காது கேளாத பிள்ளைக்குப் பள்ளம்.

காது கேளாத பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறோம். பள்ளியில் அவர் “அம்மா கடை போ தக்காளி வாங்கு” என்று எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிடுவார்களாம். அது புத்திக் குறைவு அல்ல. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. போனான், போனாள், போனார், போனது என்று வினையின் வாலில் தமிழ் ஒட்டிவைக்கும் செய்தியெல்லாம் காது கேட்கும் குழந்தைக்குத் தொட்டிலிலேயே வந்துசேர்கிறது. காது கேளாத குழந்தைக்கு அது தாளில் மட்டும் காணக் கிடைக்கும் வால். அந்தக் குழந்தைக்குச் சைகை முதல் மொழி, தமிழ் இரண்டாம் மொழி. இரண்டாம் மொழியைக் கற்பிப்பது போலவே கற்பிக்க வேண்டும்: முதல் மொழியில் பேசி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி. இந்திய சைகை மொழிக்கென டெல்லியில் 2015-இல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் வந்தது. சைகையைப் பார்த்துவிட்டு, “கைய ஆட்டாத, வாயத் திற” என்று அதட்டும் வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. சைகையைத் தடுக்கும் எந்த வகுப்பும் எழுத்தைத் தடுக்கிறது என்று இந்த இயக்கம் கருதுகிறது.

மூளை முடக்குவாதம் உள்ள 12 வயதுப் பையனின் அம்மா ஓர் அட்டையைக் கொண்டுவந்திருந்தார். காலண்டர் அட்டையின் பின்புறம். மேலே 12 உயிர், கீழே 18 மெய், மார்க்கர் பேனாவில். பையனுக்குப் பேச்சு வராது, கை நிற்காது. கண் நிற்கும். அவன் பார்க்கும் எழுத்தை அம்மா தொட்டுச் சொல்வார். சரி என்றால் கண்ணை மூடித் திறப்பான். இரண்டு வருடம் இருவரும் இதைப் பழகினார்கள். நம்பாதவர்கள் நம்பவில்லை, அவனுக்கு ஒன்றும் தெரியாது, அம்மாவே சொல்லிக்கொள்கிறார் என்றார்கள். ஒருநாள் இட்லி ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவன் அட்டையையே பார்த்தான். ப, ஓ, த, உ, ம. போதும். அவன் சொந்தமாக எழுதிய முதல் சொல் அது. “அதுவரைக்கும் அவனுக்குப் பசி அடங்குனது எனக்கு எப்படித் தெரியும்? தட்டு காலியானாதான் தெரியும்” என்றார். இந்த அட்டைக்குச் செலவு ஒரு மார்க்கர் பேனா. இதை இன்னொரு வீட்டுக்குச் சொல்லித்தர அவரை விட்டால் இந்தப் பக்கத்தில் எங்களுக்கு ஆள் தெரியாது.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் விஷயத்தில் எங்களிடையே முழு உடன்பாடு இல்லை. எழுத்தை வரிசையாகக் கற்பிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். பிழைப்புக்கு வேண்டிய சொற்களை முழுச் சொல்லாக, படம் போல, மனத்தில் பதிய வைத்தால் போதும் என்கிறார்கள் சிலர். 16 வயதுப் பெண்ணின் தாய் ஒருவர் இரண்டாவது கட்சி. அவர் மகள் பேருந்து நிலையத்தில் ‘ஆலங்குடி’ போர்டை அடையாளம் பிடிக்க ஒரு வருடம் ஆனது. ஒருமுறை ‘அறந்தாங்கி’ வண்டியில் ஏறிவிட்டாள். கண்டக்டர் பாதி வழியில் கண்டுபிடித்து எதிர் வண்டியில் ஏற்றி அனுப்பினார். அன்று இரவு அம்மாவும் மகளும் அ-வையும் ஆ-வையும் தரையில் பெரிதாக வரைந்து அதன்மேல் நடந்து பார்த்தார்களாம். இந்த இடத்தில் முதல் கட்சிக்காரர்கள் “அப்ப நீங்களும் எழுத்துலதான வந்து நின்னீங்க” என்றார்கள். விவாதம் தொடரும்.

ஒரு விஷயத்தை மட்டும் கறாராகச் சொல்கிறோம். 2007-இல் ‘தாரே ஜமீன் பர்’ வந்தது. நல்ல படம், டிஸ்லெக்ஸியா என்ற சொல்லே பல வீடுகளுக்கு அதன் வழியாகத்தான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு, வாசிக்கத் திணறும் பிள்ளை என்றாலே ஓவியத்திலோ பாட்டிலோ மேதையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் மேதைகள் அல்ல. சாதாரணப் பிள்ளைகள். வேறு திறமையைக் காட்டித்தான் எழுத்துக்கு உரிமை பெற வேண்டும் என்றால், திறமை எதுவும் இல்லாதவன் எங்கே போவான்?

‘மெல்லக் கற்போர்’ என்ற பள்ளிக்கூடச் சொல்லையும் இந்த இயக்கம் ஏற்கவில்லை. யார் மெல்லக் கற்பிக்கிறார்கள் என்பதை அது சொல்வதில்லை. நானே வருடக்கணக்கில் அந்தப் பட்டியலைத் தயாரித்துத் தலைமையாசிரியரிடம் நீட்டியிருக்கிறேன். பட்டியல் போட்ட பிறகு என்ன செய்தேன் என்று கேட்டால், அடுத்த பருவத்துக்கு அடுத்த பட்டியல் போட்டேன்.

அரசிடம் நாங்கள் கேட்பவை நீளமில்லை. கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழுக்குப் பொதுவாக 8 வயது ஆக வேண்டும். கற்பிப்பதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். ஆகவே முதல் வகுப்பிலேயே, தடுக்குகிற பிள்ளை எவருக்கும், காகிதம் கேட்காமல் தனிக் கவனம் தொடங்க வேண்டும். பிரெய்ல் நூலும் பெரிய எழுத்து நூலும் மற்றப் பிள்ளைகளின் பாடநூல் வருகிற அதே ஜூன் மாதத்தில், அதே நாளில் வர வேண்டும். தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பில் இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு தாள் எழுதினால் போதாது; ஒரு பருவமாவது அவர்களோடு உட்கார வேண்டும். சிறப்பாசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்துக்கொண்டு, பள்ளி பள்ளியாக பஸ் ஏறச் சொல்லிவிட்டு, பிள்ளைக்கு ஏன் முன்னேற்றம் இல்லை என்று படிவம் நிரப்பச் சொல்வதை நிறுத்த வேண்டும். அவர் வாரம் ஒருமுறை வந்து போகிற விருந்தாளி என்றால், மீதி நான்கு நாளும் அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சில்தான்.

தனிப் பள்ளியா, பொதுப் பள்ளியா என்று கேட்பவர்களுக்கு: இரண்டிலும் எழுத்தில்லாமல் வெளியே வந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். காது கேளாத பிள்ளைக்குச் சைகை பேசும் நண்பர்கள் வேண்டும். அது தனிப் பள்ளியில் கிடைக்கலாம். வாசிக்கத் திணறும் பிள்ளைக்குப் பொது வகுப்புத்தான் இடம். முடிவு அந்தப் பிள்ளையோடு சேர்ந்து எடுக்கப்பட வேண்டும். அதற்கு மேல் எங்களிடம் ஒரே பதில் இல்லை.

நாங்கள் செய்யப்போவது. அதற்கான வழி என் அம்மாவிடமிருந்து வந்தது. அவர் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் புதுக்கோட்டைக்கு வந்தபோது அவரை யாரும் பள்ளிக்கூடத்துக்கு வா என்று கூப்பிடவில்லை. வேலை முடிந்து கை கால் கழுவிவிட்டு வந்தால் தெருவிளக்கடியில் பாடம். கையெழுத்துப் போடக் கற்றார். கூடவே சைக்கிளும் கற்றார். அந்தச் சைக்கிளில்தான் என்னை உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அந்த வழியையே எடுத்துக்கொள்கிறோம்: பிள்ளை இருக்கும் இடத்துக்கு, பிள்ளைக்குத் தோதான நேரத்தில், எழுத்து போகும். எங்களில் பத்துப் பேர் வாரத்துக்கு இரண்டு மாலை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு பிள்ளை, அதற்கு மேல் இல்லை. காலண்டர் அட்டை அம்மா மற்ற அம்மாக்களுக்குப் பழக்குவார். தையல்காரர் ஞாயிறு காலையில் எங்களுக்குச் சைகை வகுப்பு எடுப்பார். முதல் வகுப்பில் எங்கள் எல்லாருக்கும் பூஜ்ஜியம் என்று அவர் தங்கை இப்போதே எச்சரித்திருக்கிறார். ஆசிரியர்களாகிய நாங்கள் யாரையும் இம்போசிஷன் எழுத வைக்க மாட்டோம். அடிக்க மாட்டோம். ஒரு பிள்ளை ஒரே இடத்தில் மூன்றாவது முறை தடுக்கினால், மாற வேண்டியது எங்கள் பாடம் என்று எடுத்துக்கொள்வோம்.

நன்கொடை வசூல் இல்லை. வேண்டியவை: ரவை, பழைய காலண்டர் அட்டைகள், மார்க்கர் பேனா, பயன்படுத்தாத பிரெய்ல் சிலேட்டு யாரிடமாவது இருந்தால் அதுவும் அதன் எழுத்தாணியும். தடித்த தாள் நிறைய வேண்டும். சாதாரண நோட்டுத் தாளில் எழுத்தாணி குத்தினால் ஓட்டையே விழுகிறது.

இந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகள் இருக்கின்றன. போதும் பையனின் பெயர் அம்மா எழுதியது, அவன் கண்ணால் சொல்ல. ஓணான் பிடிக்கும் பையன் இப்போது ஆறாம் வகுப்பு. தன் பெயரில் இருக்கும் ன-வை ண-வாகப் போட்டு, அடித்து, திருத்தியிருக்கிறான். அந்த அடித்தலை அப்படியே விட்டிருக்கிறோம். வங்கி ஊழியரும் அவரோடு வந்த இரண்டு மாணவிகளும் பிரெய்லில் போட்டிருக்கிறார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் எடுத்தபோது அந்த மூன்று இடமும் வெற்றாக விழுந்துவிட்டது. கடைக்காரர் மெஷின் பழுது என்று நினைத்து இன்னொரு தடவை எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. உங்கள் கையில் இருப்பது நகல் என்றால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். அசல் என் வீட்டில் இருக்கிறது. வந்து தொட்டுப் பார்க்கலாம்.